முனியராஜ் காத்திருந்த நாலு நிமிஷம்

வெம்பக்கோட்டைக்கு மேற்கே உள்ள ஊர்களிலிருந்து நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனை முனியராஜ் பதினொரு வருஷமாக ஓட்டிவந்தான். வயது நாற்பத்திரண்டு. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. காலை ஆறரைக்கே வேனைக் கொண்டுவந்து காளியம்மன் கோயில் முன்னால் நிறுத்திவிடுவான். ஆறே முக்காலுக்கு ஒரு ஹாரன். அந்தச் சத்தத்துக்கும் வராதவர்கள் அன்றைக்கு லீவு என்று அர்த்தம். வேன் கிளம்பிவிடும்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஹாரன் அடித்த பிறகும் இருளம்மாள் வரவில்லை. இருளம்மாள் அவனுக்கு மதினி முறை. பட்டாசுக்குள் மருந்து அடைக்கும் அறையில் வேலை. காய்ச்சலோடுகூட வேலைக்கு வருகிற ஆள்.

"போவோம்ணே. வாரதுன்னா இந்நேரம் வந்திருப்பாக" என்றாள் முன்சீட்டில் இருந்த மாரீஸ்வரி.

"பொறு தாயி. வரலைன்னா மதினி சொல்லிவிட்ருவாக" என்று முனியராஜ் என்ஜினை அணைத்தான்.

நாலு நிமிஷம் போயிருக்கும். தெருமுனையில் ஒரு கையில் தூக்குவாளியும் மறுகையில் சேலைக் கொசுவமுமாக இருளம்மாள் ஓடிவந்தாள். படியில் ஏறி மூச்சு வாங்க நின்றவள், "நீ நல்லாருக்கணும் தம்பி" என்றாள். வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பதினொன்றே காலுக்கு மருந்து அடைக்கும் அந்த அறை வெடித்தது. முனியராஜ் அப்போது திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸ் வாசலில் லேபிள் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டுத் திரும்பினான். தெற்கே புகை எழும்பி நின்றது. எந்தக் கம்பெனி என்று யாராவது சொல்வதற்கு முன்னாலேயே அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி இருளம்மாள். மற்ற இரண்டு பேரும் வேறு ஊர்க்காரர்கள். காலையில் பதினெட்டுப் பேரை ஏற்றிப்போன வேன் அன்று சாயங்காலம் பதினேழு பேரோடு ஊர் திரும்பியது.

அதற்கப்புறம் அதிகாரிகள் வந்தார்கள். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் ஏழு பேரை உட்காரவைத்திருக்கிறார்கள் என்றும், தானே பற்றிக்கொள்ளக்கூடிய, முந்தினநாள் கலந்த மருந்து மிச்சம் கிடந்தது என்றும் கண்டுபிடித்தார்கள். போர்மேனைக் கைது செய்து கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். எவ்வளவோ பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேன் டிரைவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் முனியராஜின் மனசு அவனை விடாமல் விசாரித்தது.

நீ நிக்காம போயிருந்தா அவ இன்னிக்கு உசுரோட இருப்பா. இதுதான் முதலில் வந்த வாக்கியம். காரியம் முடிந்த மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. ஒரு வாரத்தில் அது சுருங்கி, நீதாம்லே கொன்னே, என்று ஆனது. அவனுடைய சொந்தக் குரலிலேயே அது பேசியதால் அவனுக்கு அதை எதிர்த்துச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பிணம் எடுத்த அன்றே சுடுகாட்டுக்குப் போனவன் இருளம்மாளின் புருஷன் சீனிச்சாமியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினான். அதிலிருந்து அவர் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

வேறு கம்பெனி கிடைத்தது. பெண்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அதே கோயில் முன்னால்தான் வேன் நின்றது. ஆனால் ஆறே முக்காலுக்கு மேல் ஒரு நொடிகூட அவன் நிற்பதில்லை. ஒருநாள் மாரீஸ்வரியே பத்தடி பின்னால் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். கண்ணாடியில் அவள் நன்றாகத் தெரிந்தாள். அவன் கியரை மாற்றிப் போய்விட்டான்.

மறுநாள் ஏறும்போது அவள் கேட்டாள். "ஏண்ணே, கத்திக்கிட்டே ஓடியாறேன், ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல" என்றான்.

பொய்யும் சொல்ல ஆரம்பிச்சிட்டே, என்றது மனசு. நின்றாலும் குற்றம், போனாலும் குற்றம் என்று ஆகிவிட்டது. டயர் பஞ்சர் ஆனால், ஒன்னால ஒரு வண்டியைக்கூட ஒழுங்கா வச்சுக்கிட முடியல. மகள் ஓவியா கணக்கில் மார்க் குறைந்து வந்தால், அப்பன் லட்சணம் அப்படி. சோறு கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால் அதற்கும் ஒன்று இருந்தது. செத்தவ வீட்ல அடுப்பெரியல, ஒனக்கு மறுசோறு கேக்குது.

வைகாசியில் ஒருநாள் வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்து இழுத்தது. வேர்த்துக் கொட்டி, கைகால் மரத்து, எப்படியோ ஓரம்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தான். பெண்கள்தான் ஆட்டோ பிடித்து அனுப்பினார்கள். விருதுநகர் அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். பிறகு அவனையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சமீபத்தில் வீட்டில் ஏதும் சாவு நடந்ததா என்று கேட்டார். அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவர் ஒரு சீட்டை எழுதி, வராண்டாவின் கடைசி அறைக்குப் போகச் சொன்னார்.

அறைவாசலில் மனநல ஆலோசனை என்று எழுதியிருந்தது. முனியராஜ் திரும்பி நடந்தான். அவன் மனைவி வேல்விழி கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பைத்தியமாடி பிடிச்சிருக்கு?" என்று அவன் சீறினான். "பிடிக்கல. பிடிச்சிரக் கூடாதுன்னுதான் சொல்றேன், வாங்க" என்றாள் அவள்.

உள்ளே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயர் அனுப்பிரியா. முதல்நாள் அவன் நாலு நிமிஷக் கதையை முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவன் அதை யாரிடமும், வேல்விழியிடம்கூட, சொன்னதில்லை. இந்தப் பெண் ஆறுதல் சொல்வாள், உங்கள் மேல் தப்பில்லை என்பாள், அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்று அவன் நினைத்திருந்தான். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"மனசு உங்ககிட்ட என்ன சொல்லுதோ, அதை அப்படியே சொல்ல முடியுமா? நீங்க மாத்திச் சொல்லாம?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நீதாம்லே கொன்னே."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

எண்ணியதில்லை. அது வேன் ஓடும் சத்தம்மாதிரி சதா இருந்துகொண்டே இருந்தது.

அவள் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்தாள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். மனசு அன்றைக்குச் சொன்னதில் ஒன்றை, சொன்னபடியே முதல் வரியில் எழுத வேண்டும். இரண்டாவது வரியில் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். மூன்றாவது வரி, இதே கதையை இன்னொரு டிரைவர் வந்து சொன்னால் முனியராஜ் அவனுக்கு என்ன சொல்வானோ அது.

"இத எழுதுனா சரியாப் போயிருமா?"

"ஒரு நாள்ல போகாது. இத்தனை மாசமா மனசு ஒரே பாதையில போய்ப் பழகியிருக்கு. வேற பாதையில தினமும் கொஞ்சம் நடந்து பாக்கணும். நல்லா இருக்கான்னு பாக்காதீங்க. மாத்திரை போடுறமாதிரி நினைச்சுக்கோங்க. எழுத்துப் பிழை எல்லாம் நான் பாக்க மாட்டேன்."

சாயங்காலம் கம்பெனி விடுவதற்கு முன்னால் கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷம் வேனில் சும்மா உட்கார்ந்திருப்பது அவன் வழக்கம். அந்த நேரத்தை நோட்டுக்கு ஒதுக்கினான். முதல் வரி கையைக் கேட்காமலே ஓடியது. இரண்டாவது வரியில் தடுமாறினான். மதினியக் கொன்னேன் என்று எழுதிவிட்டு, அதைக் கண்ணால் பார்த்தோமா என்று யோசித்து அடித்தான். ஹாரன் அடிச்சேன். மதினி வரல. நின்னேன். ஓடிவந்தாக. ஏறுனாக. நல்லாருக்கணும் தம்பின்னாக. அவ்வளவுதான் அவன் கண்டதும் கேட்டதும். எழுதிமுடித்து அந்தச் சின்ன வரிகளைப் பார்த்தபோது அவனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை மாதம் தூக்கிச் சுமந்தது இவ்வளவுதானா?

மூன்றாவது வரி வரவே இல்லை. இருபது நாளைக்கு மேல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டான். அனுப்பிரியா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். "காலியா விட்டாலும் பரவாயில்ல, உக்காந்து எந்திரிங்க" என்றாள்.

ஆடி மாதம் வேறொரு ஊரில் வேறொரு கம்பெனியில் வெடி விபத்து. படம் போனுக்குப் போன் பறந்தது. அன்றோடு அவன் நோட்டைச் சீட்டுக்கடியில் எறிந்தான். ஒன்பது நாள் தொடவில்லை. பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வேன் கழுவ வந்த வேல்விழி அதை எடுத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். கை வேகம்.

"நீங்க எழுத வேணாம். சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"என்னத்தச் சொல்ல."

"மனசு சொல்றதத்தான். மொத வரி."

அவன் சொல்ல ஆரம்பித்தான். ஒன்றோடு நிற்கவில்லை. கொன்னவனே. ஒனக்கெல்லாம் எதுக்குப் பொண்டாட்டி பிள்ள. நீ ஓட்டுறது வேனா பாடையா. நாலாவதைச் சொல்லும்போது அவள் கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"இப்பிடியா ஒங்கள நீங்களே பேசிக்கிடுறீக?"

அவன் தலையசைத்தான்.

"வேற ஒருத்தன் ஒங்களப் பாத்து இந்த வார்த்தையச் சொல்லியிருந்தா, நான் அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு கேட்ருப்பேன். இது ஒங்க வாயிலருந்து வருது, நான் யாரப் போயிக் கேக்க?"

அவள் கையிலிருந்த நோட்டை முனியராஜ் பார்த்தான். தனக்குள் ஓடுவதை இன்னொரு ஆள் எழுதிக் கையில் வைத்திருந்து பார்த்தது அதுவே முதல்தடவை. அந்த எழுத்து வேல்விழியின் எழுத்தாக இருந்ததாலோ என்னவோ, அது கொஞ்சம் தள்ளி இருந்தது. படித்துப் பார்க்க முடிகிற தூரத்தில் இருந்தது. அன்றைக்கு அவள் மூன்றாவது வரியையும் கேட்டாள். அவன், "நின்னதுக்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லடா, அப்பிடின்னு சொல்லுவேன்" என்றான். அவள் அதை எழுதினாள்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் அவனே எழுதினான். ஒருநாள் நன்றாக இருக்கும், இரண்டு நாள் பழையபடி இருக்கும். காலையில் பல் தேய்க்கும்போது குரல் வந்தால், இது நெனப்பு, நடந்தது இல்ல, என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளப் பழகினான். அப்படிச் சொன்னதும் குரல் போய்விடவில்லை. ஆனால் அது முடிகிறவரை அவனால் பல் தேய்க்க முடிந்தது, டீ குடிக்க முடிந்தது. ஆவணியில் ஒருநாள் ஹாரன் அடித்த பிறகு கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு ஓடிவந்த ஒரு பெண்ணுக்காக இரண்டு நிமிஷம் நின்றான். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. அன்று சாயங்காலம் அவள் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாரீஸ்வரி இறங்கும்போது தயங்கி நின்றாள்.

"அண்ணே, சீனிச்சாமி மாமாவப் பாத்தீகளா? ரெண்டு நாளா வெள்ளாட்டக்கூட அவுத்துவிடல. அணைக்கரையிலேயே உக்காந்திருக்காகளாம். சாப்பாடு கொண்டுபோனா வேணாம்ங்காக. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

போகாதே, போனா ஒன்னய என்ன கேப்பாரோ, என்றது முனியராஜின் மனசு. மறுநாள் காலையில் அவன் போனான்.

வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் குறைவாகத்தான் கிடந்தது. கரைக்கல்லில் சீனிச்சாமி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது ஆள் எழுபதுபோல இருந்தார். முனியராஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"வாப்பா" என்றார் அவர், திரும்பாமல். "ஏழு மாசமாச்சு ஒன் மொகத்தப் பாத்து."

"வர முடியலண்ணே." வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னான். "அன்னிக்கு ஹாரன் அடிச்சதும் நான் கெளம்பியிருக்கணும்ணே. மதினிக்காக நின்னேன். நாலு நிமிஷம் நின்னேன்."

"தெரியும்."

"மாரீஸ்வரி சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நாந்தான் பாத்தேனே." சீனிச்சாமி இப்போதுதான் திரும்பினார். "ஹாரன் சத்தம் கேட்டதும் அவ, 'போச்சு, வேன் போயிருக்கும், இன்னிக்கு வீட்லயே கெடக்கேன்'னு தூக்குவாளிய எறக்கி வச்சிட்டாப்பா. துணிய ஊறப்போட வாளிய எடுத்துட்டா. நாந்தான் வாசல்ல எட்டிப் பாத்தேன். வேன் நின்னுச்சு. 'ஏ, வேன் நிக்கிது, ஓடு, பிடிச்சிரலாம்'னு சொன்னேன். நாந்தாம்ப்பா ஓடுன்னு சொன்னேன். ஒருத்தர்ட்டயும் சொல்லல. கட்டிக்குடுத்த என் மகள்ட்டகூட."

இதுவரை முனியராஜ் இரண்டாவது வரியில் எழுதிவந்ததற்கு வெளியே இருந்த ஒன்று இது. நிற்காமல் போயிருந்தால் இருளம்மாள் துணி துவைத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பாள். அது நினைப்பு இல்லை. நிஜம். பாத்தியாலே, என்று குரல் எழும்பியது, முன்னைக்காட்டிலும் பலமாக. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அவன் சீனிச்சாமியின் கைகளைப் பார்த்தான். கல்லிடுக்கில் இருந்த புல்லை அவை பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தன; கைக்கெட்டிய தூரத்தில் ஒரு புல் மிச்சமில்லை. இந்த மனுஷனுக்குள்ளும் ஏழு மாதமாக ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும் என்பது அவனுக்குச் சட்டென்று விளங்கியது. இன்னொரு டிரைவருக்கு என்ன சொல்வாய் என்று தினமும் கேட்டுக்கேட்டுப் பழகிய நாக்கு அவனைக் கேட்காமலே பேசியது.

"அண்ணே, ஓடுன்னு சொல்றப்ப ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"என்ன தெரியும்? வேன் நிக்கிதுன்னு தெரியும்."

"வேற?"

சீனிச்சாமி யோசித்தார். "வீட்ல கெடந்தா அவளுக்கு மொகம் வாடிப்போகும்ப்பா. அங்கன பொம்பளைகளோட பேசிச் சிரிச்சிட்டு வந்தாத்தான் அவளுக்கு நல்லாருக்கும். அது தெரியும்."

"பதினொன்னே காலுக்கு நடக்கப்போறது தெரியுமா?"

"அது எவனுக்குப்பா தெரியும்!" என்று சீனிச்சாமி கத்தினார். கரையில் நின்ற கொக்கு ஒன்று பறந்தது. அவர் சொன்னதை அவரே கேட்டதுபோல வாய் திறந்தபடி இருந்தார்.

எவனுக்குத் தெரியும். சாவு நடந்த நாளிலிருந்து முனியராஜ் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இப்போது சத்தம் போட்டு அழுதான். சீனிச்சாமி அவன் முதுகில் கையை வைத்தார். பிறகு அவரும் அழுதார்.

வெயில் ஏறியது. சீனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனாலும் ஓடுன்னு சொன்னது நெசந்தானப்பா."

"நெசந்தாண்ணே. நான் நின்னதும் நெசம். அத மாத்த முடியாது. அதுக்குக் கொலைன்னு பேரு வைக்கிறோம் பாருங்க, அது மட்டும் நாம வைக்கிறது."

"இப்பிடியெல்லாம் பேச நீ எங்கன படிச்சே?"

முனியராஜ் சொன்னான். நெஞ்சைப் பிடித்து இழுத்ததிலிருந்து, அந்தக் கடைசி அறையிலிருந்து, நோட்டுவரை எல்லாம் சொன்னான். ஒன்பது நாள் எறிந்துவைத்ததையும் மறைக்கவில்லை. சீனிச்சாமி கடைசிவரை கேட்டார். பிறகு, "பசிக்குதுப்பா" என்றார்.

அடுத்த வாரம் அவன் ஒருநாள் லீவு போட்டு அவரை விருதுநகருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனான். அவர் உள்ளே போனார். அவன் வராண்டா பெஞ்சில் காத்திருந்தான். சீனிச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் தினமும் ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லும்படி அனுப்பிரியா சொல்லியனுப்பினாள். மனசு சொன்னது என்ன, நடந்தது என்ன, வேறு ஒருத்தன் என்றால் என்ன சொல்வோம்.

அந்த ஒரு ஆள் முனியராஜ் என்று ஆனது. சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்ட பிறகு வேனைச் சீனிச்சாமி வீட்டு வாசலில் நிறுத்துவான். தீபாவளி சீசனில் கம்பெனி விட நேரமானாலும் அவர் காத்திருந்தார். சில நாள் அவர் சொல்லச் சொல்ல இவனுக்கே பொறுக்க முடியாமல் இருக்கும். சில நாள் மூன்றாவது கேள்விக்கு இருவரிடமும் பதில் இருக்காது. அப்போதும் அந்தப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. முனியராஜ் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். சீனிச்சாமி ஆடுகளைத் தாழ்வாரத்தில் கட்டிவிட்டு, அவனுக்கு டீ ஊற்றிக்கொடுத்தார்.

"இன்னிக்கு மனசு ஒண்ணும் சொல்லலப்பா" என்றார் கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "காலையிலருந்து பாக்கேன், ஆட்டு வேலையே சரியாப் போச்சு."

"எனக்கு ரெண்டு தடவ சொல்லுச்சுண்ணே" என்றான் முனியராஜ்.

சீனிச்சாமி பாயை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லு, கேப்போம்."